இவருக்குப் பதில் இவர்: ஒரு சிம்ப்சன்ஸ் எபிசோடோடு 15 வருடங்கள்

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் பிடித்த எபிசோடு எது என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன். அதிகம் தடவை பார்த்தது எது என்று கேட்டால் யோசிக்க மாட்டேன். 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்'. ஒன்பதாவது சீசனின் இரண்டாவது எபிசோடு, 1997 செப்டம்பர் 28இல் ஒளிபரப்பானது. நன்றாக இருக்கிறது என்பதற்காக இத்தனை தடவை பார்க்கவில்லை. பாதி நன்றாக இருக்கிறது, மீதி ஏன் இப்படிப் போனது என்று ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தொடர் நடக்கிற ஊரான ஸ்ப்ரிங்ஃபீல்டின் தொடக்கப் பள்ளி முதல்வர் சீமோர் ஸ்கின்னர். நாற்பது வயது தாண்டியும் அம்மா ஆக்னஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற மனிதர். அவர் முதல்வராகி 20 வருடம் ஆனதற்கு விழா நடக்கிறது. நடுவில் ஒருவர் வந்து நின்று, "நான்தான் சீமோர் ஸ்கின்னர்" என்கிறார். நம்மவர் மறுக்கவில்லை. தன் பெயர் ஆர்மின் டம்ஸேரியன், கேபிடல் சிட்டியில் மோட்டார் சைக்கிளில் திரிந்த ரௌடி என்று ஒப்புக்கொள்கிறார். வியட்நாம் போரில் தனக்கு வழிகாட்டிய சார்ஜெண்ட் ஸ்கின்னர் இறந்துவிட்டதாக நினைத்து, செய்தி சொல்ல அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்த தாய் "சீமோர்!" என்று கூப்பிட, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே மகனாகத் தங்கிவிட்டார். பள்ளி முதல்வர் ஆக வேண்டும் என்பதுகூட அந்த சார்ஜெண்டின் கனவுதான்.

முதல் தடவை பார்த்தபோது நான் விடுதியில் இருந்தேன். யாரோ கொடுத்த ஹார்டு டிஸ்கில் வரிசையில்லாமல் கிடந்த எபிசோடுகளில் இதுவும் ஒன்று. பார்த்து முடித்ததும் கோபம்தான் வந்தது. எட்டு சீசன் பழகிய ஆளை ஒரே வசனத்தில் வேறு ஆளாக்குவது என்ன நியாயம்? பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்குப் பெரிய துணை இருப்பது தெரிந்தது. ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே இது தவறு என்று எழுத்தாளர்களிடம் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் வருடக்கணக்கில் நம்பி வளர்த்த ஒன்றைக் காரணமில்லாமல் தூக்கி எறிகிறீர்கள் என்பது அவருடைய வாதம். தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங்குக்கும் இது பிடிக்காத எபிசோடுகளில் ஒன்று.

சரி, ஆள்மாறாட்டக் கதை நமக்குப் புதிதா? இரட்டை வேடப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்தானே. அப்படியும் இது ஏன் உறுத்தியது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நம் கதைகளில் ஆள் மாறியிருப்பது முதலில் நமக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. அந்த ரகசியத்தில் நாமும் கூட்டாளி. இங்கே ஊரோடு சேர்த்து நம்மையும் ஏமாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது, மூன்றாவது தடவை பார்த்தது அந்தக் கோபம் ஆறிய பிறகு. நண்பனிடம் இருந்த ஒன்பதாவது சீசன் டிவிடியை இரவல் வாங்கினேன். அதில் எழுத்தாளர் கென் கீலரின் விளக்க உரை இருக்கிறது. எபிசோடில் ஆர்வம் இருந்தால் அதைக் கேட்காமல் விடாதீர்கள். மனிதர் கொஞ்சமும் பின்வாங்கவில்லை. எதுவும் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களைப் பற்றிய கதை இது என்கிறார். அதாவது கோபப்பட்ட நம்மைப் பற்றியது! இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கும் அவர் மனதில் இருந்திருக்கிறது. 1854இல் கடலில் காணாமல் போன செல்வந்தர் வீட்டுப் பிள்ளை நான்தான் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கசாப்புக்கடைக்காரர் வந்து நிற்க, தாய் அவரை மகன் என்றே ஏற்றுக்கொண்டாள். தாய் இறந்த பிறகுதான் வழக்கு பெரிதாக வெடித்தது. 1874இல் அந்த ஆளுக்கு 14 வருடச் சிறைத் தண்டனை.

இது தெரிந்த பிறகு முதல் பாதி எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. உண்மையிலேயே நல்ல எழுத்து. ரௌடி ஆர்மினிடம் நீதிபதி சிறையா, ராணுவமா, மன்னிப்பா என்று கேட்கிறார். அவர் ராணுவத்தைத் தேர்ந்தெடுக்கிறார். போர் நடப்பது தெரிந்திருந்தால் மன்னிப்பே கேட்டிருப்பேன் என்று பின்னால் சொல்லிக்கொள்கிறார். இந்த இடத்துக்கு இன்றும் சிரிக்கிறேன். உண்மையான ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த நடிகர் மார்ட்டின் ஷீன் காமெடி செய்யவே முயலவில்லை, நேராகப் பேசுகிறார். அதுதான் அந்தப் பாத்திரத்துக்குக் கனம்.

சிக்கல் கடைசிப் பகுதியில். உண்மையான ஸ்கின்னர் போர்க்கைதியாக இருந்தவர், பிறகு சீனாவில் அடிமையாக வேலை வாங்கப்பட்டவர். திரும்பி வந்த அவர் செய்த குற்றம் என்ன? அம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. அவ்வளவுதான். ஊருக்கும் தாய்க்கும் பழைய ஆள்தான் வேண்டும் என்றாகிறது. ஆர்மின் திரும்பிப் போயிருந்த கேபிடல் சிட்டிக்கு ஒரு காரில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். ஆக்னஸ் ஒரு அதட்டல் போட, தோல் ஜாக்கெட் போட்ட ரௌடி வாலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அந்த அதட்டல் இடம் அருமை. அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் உண்மையான ஸ்கின்னரை நாற்காலியோடு கட்டி ரயிலில் ஏற்றி ஊரே கைதட்டி அனுப்புகிறது. நீதிபதி, இனி இதைப் பற்றிப் பேசினால் சித்திரவதைத் தண்டனை என்று தீர்ப்பு சொல்கிறார். நையாண்டி என்று புரிகிறது. ஆனால் கைதட்டலுக்கு எதிராக ஒரு முகம், ஒரு தயக்கம்கூடக் காட்டாததால் நையாண்டி ஊர் மேல் விழாமல் அந்த அப்பாவி மேல் விழுகிறது.

இதே தொடரின் 100வது எபிசோடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1994இல் வந்தது. அதிலும் ஸ்கின்னர் வேலை போய், ராணுவத்துக்குத் திரும்பி, கடைசியில் பள்ளிக்கு வருகிறார். ஆனால் அதற்குள் பள்ளியின் குறும்புக்கார மாணவன் பார்ட்டும் அவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். அவர் முதல்வரானால் நட்பு முடிந்தது. எல்லாம் பழையபடி ஆவதற்கு அங்கே ஒரு விலை இருந்தது. இந்த எபிசோடில் விலையைக் கட்டுவது ரயிலில் போகிறவர் மட்டும்தான்.

2020 ஊரடங்கில் ஒரு மதியம் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆர்மின் ஒப்புக்கொள்கிற இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். "நம்ம சீரியல்ல இவருக்குப் பதில் இவர்னு போடுவான்ல, அதுவா?" எனக்கு இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று இருந்தது. நம் சீரியலில் முகம் மாறும், பெயர் அப்படியே இருக்கும். முதல் நாள் முணுமுணுப்போம், ஒரு வாரத்தில் பழகிவிடும். இங்கே முகம் அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறுகிறது. அது பழகவில்லை. ரயில் காட்சி வந்தபோது மட்டும் அம்மா சிரிக்கவில்லை. "பெத்த பிள்ளைய கட்டிவச்சு அனுப்புறா, இவளும் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தொடருக்கே இந்த எபிசோடு ஒரு வடுதான். 2000இல் வந்த ஒரு எபிசோடில் கதைச் சரக்கு தீர்ந்துபோனதற்கு உதாரணமாக இதன் துண்டைத் தாங்களே காட்டிக்கொண்டார்கள். 2004இல் இன்னும் நன்றாக. பார்ட்டின் தங்கை லிசாவின் பூனை செத்துச் செத்து, கடைசியாக வந்த பூனைக்கும் பழைய பெயரையே வைத்துவிடுகிறாள். இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஸ்கின்னர் கேட்கிறார். "நீங்கள் சொன்னால் சரிதான், பிரின்சிபல் டம்ஸேரியன்" என்கிறாள். அவர் சத்தமில்லாமல் நழுவுகிறார். அந்தச் சில நொடிகள், மொத்தக் கடைசிப் பகுதி செய்யாததைச் செய்துவிடுகின்றன.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: இதில் தொடங்காதீர்கள். குறைந்தது நாலைந்து சீசன் பார்த்து ஸ்கின்னரோடு பழகிய பிறகு வாருங்கள், இல்லாவிட்டால் அதிர்ச்சியே இருக்காது. நான் இப்போதெல்லாம் ஆக்னஸ் அதட்டுகிற இடம் வரை பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன். போன மாதமும் அப்படித்தான். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "அந்த ரயில்ல போனவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.