பத்து நிமிடத்தில் மார்க்டவுன்: காமன்மார்க் பயிற்சிப் பாடம் எப்படி இருக்கிறது?

சிறிய திறமூல நிரல் ஒன்றுக்குத் தமிழில் ஆவணம் எழுதும் பொறுப்பை ஏற்றிருந்த எங்கள் குழுவில், மார்க்டவுன் (சாதாரண எழுத்தில் எளிய குறிகளை இட்டுத் தலைப்பு, பட்டியல் போன்றவற்றை அமைக்கும் முறை) பழக்கமே இல்லாத இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நானே வகுப்பெடுப்பதைவிட, மார்க்டவுனுக்குத் துல்லியமான விதிகளை வகுத்திருக்கும் காமன்மார்க்கின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பத்து நிமிடப் பயிற்சிப் பாடத்தைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, கூடவே நானும் அமர்ந்து அதை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்தேன். பத்து நிமிடம் என்ற கணக்கு ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும். எங்கள் புதியவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆயிற்று.

பாடத்தின் அமைப்பு எளிமையானது. எழுத்தைச் சாய்த்தோ தடித்தோ காட்டும் அழுத்தம், பத்தி, தலைப்பு, பட்டியல், இணைப்பு, படம் என்று ஒவ்வொன்றுக்கும் சிறிய விளக்கமும், பெட்டிக்குள் இருக்கும் வாசகத்தைக் கேட்டபடி திருத்தும் பயிற்சியும் உண்டு. தட்டத் தட்ட விளைவு கண்முன்னே தெரிகிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. பாடத்துக்கு முன்வாசலாக, எல்லாக் குறிகளையும் ஒரே அட்டவணையில் காட்டும் ‘அறுபது நொடி’ உதவிப் பக்கமும் இருக்கிறது. அதை அச்செடுத்து மேசையருகே ஒட்டிக்கொள்ளலாம்.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வரி முறிப்பைப் பற்றிய பகுதி. என்டர் விசையை ஒருமுறை தட்டினால் புதிய வரி வராது, முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் புதிதாக எழுதுபவர்களை முதலில் திகைக்க வைக்கும் செய்தி. வரியின் இறுதியில் இரண்டு வெற்றிடம் விட்டால் முறியும் என்பதைக் கேட்ட எங்கள் புதியவர், “கண்ணுக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சார் சரிபார்ப்பது?” என்றார். நியாயமான கேள்வி. வரியின் கடைசியில் பின்சாய்கோடு இட்டாலும் அதே விளைவுதான். அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் எங்கள் ஆவணங்களில் இப்போது அதையே பயன்படுத்துகிறோம்.

இந்தப் பாடம் கற்பிப்பது எந்த மார்க்டவுன் என்பதைத் தெரிந்துகொள்வதும் அவசியம். ஜான் க்ரூபர் 2004இல் மார்க்டவுனை வெளியிட்டபோது, அதனுடன் வந்த விளக்கமும் அதை வலைப்பக்க வடிவுக்கு மாற்றும் பெர்ல் நிரலும் பல இடங்களில் துல்லியமான விதி எதையும் வகுக்காமல் விட்டிருந்தன. அதனால் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் பொருள் கொண்டது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஜான் மக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் உள்ளிட்டோர் 2014இல் முன்வைத்த வரையறைதான் காமன்மார்க். அறுநூறுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளுடன் அது எழுதப்பட்டிருக்கிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் வெளியிட்ட தன் வரையறையை அதன்மீதுதான் கட்டியெழுப்பியது. ஆகவே இங்கே கற்பதை கிட்ஹப்பில் நிரலை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் அப்படியே எழுதலாம்.

குறை தொடங்குவது பட்டியலுக்குள் கட்டளைகளை எழுதும்போது. நிறுவல் குறிப்பு என்றாலே ‘முதலில் இதைத் தட்டுக, அடுத்து அதைத் தட்டுக’ என்று எண்ணிட்ட படிகளும், ஒவ்வொரு படியின் கீழும் கட்டளையைத் தனித்துக் காட்டும் ஒரு நிரல் பெட்டியும்தான். எங்கள் புதியவர் எல்லாப் படிகளுக்கும் ‘1.’ என்றே எண்ணிட்டு, நிரல் பெட்டியை மட்டும் இடப்பக்க ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தார். ‘1.’ என்றே எழுதினாலும் எண்கள் தாமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் உள்தள்ளாத நிரல் பெட்டி பட்டியலை அங்கேயே முறித்துவிடும் என்பதால், ஐந்து படிகளும் ஐந்து தனிப் பட்டியல்களாகி, எல்லாம் ‘1’ என்றே திரையில் நின்றன. காமன்மார்க் விதிப்படி, ‘1.’ என்பதை அடுத்து வரும் எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அந்த அளவுக்கு, அதாவது மூன்று வெற்றிடம், உள்தள்ள வேண்டும், ‘10.’ என்றால் நான்கு. ஆவணத் தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் எம்கேடாக்ஸோ பைத்தான்-மார்க்டவுன் என்ற மாற்றி நிரலை நம்பியிருப்பதால் நான்கு வெற்றிடத்தை எதிர்பார்க்கிறது. கிட்ஹப்பில் ஒழுங்காகத் தெரிந்த பட்டியல் அங்கே சிதைவது இதனால்தான். மென்பொருள் ஆவணம் எழுத வருபவர்களுக்கு இந்த ஒன்றையாவது பாடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அட்டவணை, சரிபார்ப்புக் கட்டம் போன்றவை கிட்ஹப்பின் சேர்க்கைகள். காமன்மார்க்கில் இல்லாததால் இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

தமிழில் எழுதுபவர்கள் மேலும் ஒன்றைத் தாமாகவே கற்றாக வேண்டும். நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். அழுத்தக் குறியோ சொல்லின் எல்லையைப் பார்த்தே இயங்குகிறது. \*கோப்புறை\*யில் என்று உடுக்குறியிட்டால் வேலை செய்யும். \_கோப்புறை\_யில் என்று அடிக்கோடிட்டால் செய்யாது, கோடுகள் அப்படியே திரையில் நிற்கும். சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை நிரலில் வரும் மாறியின் (variable) பெயரில் ஒரு பகுதியாகக் கருதிக் காமன்மார்க் விட்டுவிடுகிறது. நிரலாளருக்கு அது உதவி, நமக்கு உபத்திரவம். தடித்த எழுத்துக்குள் மேற்கோள் குறியையும் அடக்கி, \*\*"அமைப்புகள்"\*\*இல் என்று எழுதினாலும் இதே கதைதான். மேற்கோளை வெளியே நகர்த்தி "\*\*அமைப்புகள்\*\*"இல் என்று எழுதினால் சரியாகிவிடும்.

குறியீடு என்றாலே அஞ்சுபவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஏற்கெனவே ரீட்மீ எழுதிப் பழகியவர்கள் பாடத்தை விட்டுவிட்டு, அதே தளத்திலுள்ள சோதனைப் பக்கத்துக்கு நேராகப் போவது மேல். இடப்பக்கம் எழுதுவதை வலப்பக்கம் உடனுக்குடன் மாற்றிக் காட்டும் அந்தப் பக்கத்தில்தான், உருபு ஒட்டிய சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எங்கள் குழுவுக்கான எழுத்து விதிகளை முடிவு செய்தோம்.