கியூசோ வா சீஸு நோ யுமே ஓ மிரு: மாட்டிக்கிட்ட எலியோட காதல்

நேத்து நைட்டு சும்மா அரை மணி நேரம் பாத்துட்டு தூங்கலாம்னு போட்டேன், 130 நிமிஷம் முழுசா உக்கார வச்சிருச்சு. 2020ல வந்த ஜப்பான் படம், மிசுஷிரோ செடோனா வரைஞ்ச மாங்காவ (ஜப்பான் காமிக்ஸ்) யுகிசாடா இசாவோ எடுத்திருக்காரு. ஜப்பான்ல "மூலையில மாட்டுன எலி பூனையவே கடிக்கும்"னு ஒரு பழமொழி இருக்கு, டைட்டில் அதுல இருந்துதான், ஆனா இங்க எலி கடிக்கல, சீஸ கனவு காணுது.

கியோய்ச்சி கல்யாணமானவன், யாரு ஆசைப்பட்டு வந்தாலும் வேணாம்னு சொல்லத் தெரியாத ஆளு. பொண்டாட்டி சந்தேகப்பட்டு துப்பறிய ஆள் வைக்குறா, வர்றவன் கியோய்ச்சியோட காலேஜ் ஜூனியர் இமாகாசே, அவனுக்கோ இவன் மேல பல வருஷ காதல். உன் கள்ளத்தொடர்ப மறைக்கணும்னா ஒரு முத்தம் குடுங்கிறான். அட, இது பிளாக்மெயில்தானடா! எனக்கு அந்த இடம் கொஞ்சம் உறுத்துச்சு, படமும் அத நியாயப்படுத்தல.

இமாகாசேவா வர்ற நரிதா ர்யோ நடிப்புக்காகவே பாக்கலாம். ஸ்டூல்ல கால மடக்கி உக்காந்துக்கிட்டு, சிகரெட்டோட கியோய்ச்சியவே பாக்குற பார்வை இருக்கே, சோறு கேக்காம வாசல்ல நிக்கிற நாய்க்குட்டி மாதிரி. அந்த ஆஷ்ட்ரேவ கவனிங்க, அதுவே ஒரு கேரக்டர். கியோய்ச்சியா வர்ற ஓக்குரா தடாயோஷி ஐடல் குரூப் (ஜப்பான் பாப் பாட்டு குரூப்) ஆளாச்சே, நடிப்பாரான்னு நெனச்சேன், ஆனா அந்த வெத்து முகம் இந்த ரோலுக்கு செம செட்.

ரெண்டாம் பாதில பொண்ணு கேரக்டருங்க வந்து வந்து அழுதுட்டு போறாங்க, அங்க இழுவை. படுக்கையறை சீன்ஸ் நெறைய இருக்கு, வீட்ல எல்லாரும் இருக்கப்போ போட்டுறாதீங்க. என் மார்க் பத்துக்கு ஏழரை.