‘சுத்தக் கம்பளி’ சேடில் பேட்: கிருஷ்ணகிரி, தர்மபுரி குதிரைக்காரர்கள் உஷார்

சேணத்துக்கு அடியில் போடும் பேட் ஒன்றை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். குதிரையின் முதுகு புண்ணானதுதான் மிச்சம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதே ஆளிடம் சாமான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் பெயர் போடவில்லை.

என்னிடம் இருப்பது மார்வாரி பெண்குதிரை. மார்வாரி என்றாலே எல்லோரும் உள்பக்கம் வளைந்த காதைத்தான் பார்ப்பார்கள். சேணம் போடுகிறவன் பார்க்க வேண்டியது தோள்மேட்டை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு எழும்பி நிற்குமே, அந்த இடம். என் குதிரைக்கு அது நன்றாகவே உயர்ந்திருக்கும். இதை விற்பவரிடம் முன்கூட்டியே சொன்னேன், பக்கவாட்டில் எடுத்த படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “கவலையே வேண்டாம்ணா, கான்பூர் சரக்கு, நூறு சதவீதம் ஆட்டு ரோமம், எந்தக் குதிரைக்கும் உட்காரும்” என்று பதில் வந்தது. கான்பூர் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பேர்போன ஊர், வெளிநாட்டுக்கே சரக்கு போகிறது. அந்தப் பெயரைச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வந்த பேட் ஒன்றேகால் அங்குல கனம். குதிரையின் முதுகுத்தண்டு மேல் வருகிற நடுக்கோட்டை நேராக வெட்டியிருந்தார்கள். நல்ல பேட்டில் அந்தக் கோடு குதிரையின் முதுகு போகிற போக்கிலேயே, தோள்மேட்டில் உயர்ந்து பின்னால் தாழ்ந்து வளைந்திருக்கும். நேராக வெட்டியதைப் போட்டால், ஏறி உட்கார்ந்து நாலு எட்டு போனதும் துணி கீழே இழுபட்டு, தோள்மேட்டு எலும்பின் மேல் விறைப்பாக இறுகிவிடும். போன் போட்டுக் கேட்டேன். “போகப் போக படிஞ்சிடும்ணா, கனமா இருந்தாத்தான் குதிரைக்கு மெத்துன்னு இருக்கும்” என்றார்.

இந்தக் ‘கனம் என்றால் மெத்து’ என்ற பேச்சைத்தான் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். சேணம் ஏற்கெனவே அளவாக இருக்கும்போது கனமான பேட்டைத் திணிப்பது, காலுக்குச் சரியாக இருக்கும் ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடுகிற மாதிரி. இறுக்கம்தான் கூடும். சேணம் பொருந்தியிருந்தால் மெல்லிய பருத்தி பேட் போதும், வியர்வையை உறிஞ்சினால் சரி. சேணமே பொருந்தாவிட்டால் எந்த பேட்டும் அதைச் சரிசெய்யாது.

கொஞ்ச நாளிலேயே சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தாள். வயிற்றுப் பட்டையை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தாள். அதுவரை அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஓட்டிவிட்டு வந்து சேணத்தை இறக்கினால் முதுகெல்லாம் வியர்வை, தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. இப்படித் திட்டு தெரிந்தால் ஒன்று அங்கே பேட் படவே இல்லை, அல்லது வியர்வை வரவிடாமல் அழுத்துகிறது. விரலால் அமுக்கினேன், முதுகை நெளித்து இறக்கினாள். அழுத்தம்தான். அன்றைக்கே அந்த பேட்டைப் போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் வீங்கி, முடி உதிர்ந்து, தோல் உரிந்துவிட்டது. தோல் ஆறி வீக்கம் முழுதாக வடியும்வரை சேணமே போடக்கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். இப்படி அழுந்திய இடத்தில் முளைக்கிற முடி சில குதிரைக்கு வெள்ளையாகவே வரும், அப்புறம் மாறாது.

சரக்கின் வண்டவாளத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் குதிரையைப் பார்க்க வந்தார். பேட்டைக் கையில் வாங்கித் தடவிவிட்டு, “இது நம்தா இல்ல தம்பி, நெருப்புப் பெட்டி இருக்கா?” என்றார். நம்தா என்றால் கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்த கனத்த துணி. ஓரத்திலிருந்து கொஞ்சம் பிய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். உருகி, கறுப்பு மணியாக இறுகியது, பிளாஸ்டிக் நாற்றம். நிஜக் கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். ஆக எனக்கு விற்றது பாலியஸ்டர். அது கம்பளியைப் போல வியர்வையை வாங்கிக்கொள்ளாது. ஈரத்தில் வழுக்கும், சூட்டை அடைத்து வைக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைப் போட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோ எடுத்து அனுப்பினேன். முதலில் “கம்பெனியில் தப்பா அனுப்பிட்டாங்க” என்றார். மாற்றித் தரச் சொன்னதும், “குதிரை முடி ஒட்டியிருக்குண்ணா, யூஸ் பண்ணினதை எடுக்க மாட்டோம்”. அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. பில்லில் ‘சேடில் பேட் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது, எதனால் செய்தது என்று ஒரு வார்த்தை இல்லை. என் பிடிமானம் ‘நூறு சதவீதம் ஆட்டு ரோமம்’ என்று அவரே எழுதிய அந்த வாட்ஸ்அப் செய்திதான். அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

1824-லேயே ராணுவக் குதிரைகளுக்கென்று ஓசூர் பக்கத்து மத்திகிரியில் பண்ணை வைத்த மாவட்டம் இந்தக் கிருஷ்ணகிரி. இன்றைக்கு ஒரு ஒழுங்கான பேட்டைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்க பெங்களூருக்கு ஓட வேண்டியிருக்கிறது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் பொருளின் பெயரையும் கனத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். முடிந்தால் உங்கள் சேணத்தோடு குதிரை மேலேயே வைத்துப் பாருங்கள். சேணத்தின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது பேட் வெளியே தெரிய வேண்டும். ஓரத் தையல் சேணத்துக்கு அடியில் மாட்டினால் அந்தத் தையலே அறுக்கும். பேட்டைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுங்கள், முடி படிந்த வாக்கில் இருக்கும். பட்டையை இறுக்குவதற்கு முன், பேட்டின் நடுப்பகுதியைச் சேணத்தின் அடியில் நடுவே ஓடும் குழிக்குள் தூக்கிவிடுங்கள். பட்டையை இறுக்கி ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே விரல் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் கடை போடப் போவதாக அந்த ஆளே என்னிடம் பெருமையாகச் சொன்னார். புதுக் குதிரை வாங்கிய கையோடு சேணமும் பேட்டும் சேர்த்து வாங்குகிறவர்கள் அங்கே நிறைய. போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நாலு இழை பிய்த்துக் கொளுத்த விடாத கடையில் ‘கம்பளி’ என்று எதையும் வாங்காதீர்கள். இதே மாதிரி பேட் வாங்கி ஏமாந்தவர்கள் பில்லும் படமும் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் காட்டுகிறேன்.