ஐப்பசிக்கு முன்: ஸ்லைடிங் ஜன்னலா, கதவு ஜன்னலா?

சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரத்தில் வீடு கட்டுபவர்கள் ஜன்னல் என்றதும் மரமா, அலுமினியமா, யூபிவிசியா (கெட்டியான பிளாஸ்டிக்) என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வருவதைத் தீர்மானிப்பது அதைவிட, ஜன்னல் திறக்கும் விதமும் ஃபிரேம் சுவரோடு சேரும் இடமும்தான்.

ஸ்லைடிங் இடத்தை அடைக்காது, விலையும் குறைவு. சிக்கல் அதன் கீழ் டிராக்கில், அதாவது ஜன்னல் பலகை ஓடும் தடத்தில். மணிக்கு 80 கி.மீ. காற்று நேராக அடித்தால் அந்த அழுத்தம் சுமார் 3 செ.மீ. உயர நீரைத் தாங்கி நிறுத்தும், 100 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 5 செ.மீ. டிராக்கின் உள்பக்க விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால், வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் ஏறி அறைக்குள் வழியும். வெளிப்பக்க வடிதுளைகளை மணலும் பெயின்ட்டும் அடைத்திருந்தால் சாதாரண மழைக்கே இது நடக்கும். புரட்டாசியிலேயே மெல்லிய கம்பியால் குத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது வெளியே ஒழுகுகிறதா என்று பாருங்கள். பலகை ஓரத்தில் இடைவெளியை அடைக்கும் பிரஷ் பட்டை தேய்ந்து அமுங்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னலில் நிலைமை நேர் எதிர். காற்று தள்ளத் தள்ள, பலகை ரப்பர் பீடிங்கின் மேல் இன்னும் இறுக்கமாக அமரும். ஆனால் நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள் இருந்தால் மூலைகள் விலகும். மேலும் கீழும் சேர்ந்து பூட்டும் வகை வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீட்டுக்குக் கீல்கள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். 304 ரகம் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். கொசுவலையை உள்பக்கம்தான் போட முடியும் என்பது ஒரு குறை. இருந்தாலும் காற்று நேராக அறையும் சுவருக்கு எங்கள் தேர்வு இதுதான். அது ஒரே சுவராகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்: 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்தும், கண் கடந்தபின் தெற்கிலிருந்தும் காற்று அடித்தது. ஸ்லைடிங் வைப்பதானால் ஆழமான சன்ஷேட் அல்லது பால்கனி மறைக்கும் பக்கத்தில் வையுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, யூபிவிசியை உப்பு தின்னாது. அதற்குள் இரும்புப் பட்டை இல்லாவிட்டால் பெரிய ஜன்னல் காற்றில் வளையும். வலுவான காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அலுமினியம் விறைப்பானது, ஆனால் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, சாதா இரும்புத் திருகும் ஆகாது. தேக்கு நன்று, பலகையின் அடிவிளிம்பை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுவார்கள், தண்ணீரைக் குடித்து ஊதுவது அங்கேதான்.

எதை வாங்கினாலும், ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பியூ ஃபோமை (பீய்ச்சியதும் உப்பி இறுகும் நுரை) மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். ஃபோம் இடைவெளியை நிரப்பும், மழையைத் தடுக்காது. வெளிப்பக்கம் நியூட்ரல் வகை சிலிக்கானைக் குறைந்தது 6 மி.மீ. அகலத்துக்கு, காய்ந்த, தூசியற்ற பரப்பில் இழுக்க வேண்டும். புளிப்பு வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் சிமென்ட்டில் பிடிக்காமல் உரிந்துவிடும். ஜன்னல் அடித்திண்டு 10 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் வெளியே சரிய வேண்டும்; அதன் அடியிலும் சன்ஷேட் அடியிலும் சொட்டு வெட்டு (தண்ணீர் சொட்டி விழ வெட்டும் சிறு பள்ளம்) இல்லையென்றால் தண்ணீர் சுவரோடு ஒட்டியே இறங்கும்.

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுக்கும் முன் ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிடம் பீய்ச்சச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஒழுகும் இடம் எது என்று பிடிபடாது.