பிரிட்டனா, அமெரிக்காவா: ஒரு சைவ அடுப்படியின் கணக்கு

பிரிட்டனில் லெஸ்டரில் 4 வருடம், அமெரிக்காவில் அட்லாண்டாவில் 3 வருடம் குடித்தனம் நடத்தியாயிற்று. அடுத்து எந்த ஊர் என்று என் வீட்டுக்காரரின் அலுவலகத்தில் கேட்டபோது சம்பளக் கணக்கை அவர் போட்டார், அடுப்படிக் கணக்கை நான் போட்டேன். சம்பளத்தில் அமெரிக்காதான் மேல். ஆனாலும் லெஸ்டருக்கே திரும்பிவிட்டோம். வந்து 11 மாதம் ஆகிறது. "சாப்பாட்டுக்காகவா ஊரை மாத்துனீங்க?" என்று கேட்காத தோழி இல்லை. ஆமாம், சாப்பாட்டுக்காகத்தான். அதைவிட, சாப்பாட்டின் மேல் எழுதியிருக்கும் சொல்லுக்காக. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. கறி மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பேசும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன். நம் பள்ளிக்கூட இங்கிலீஷ் பிரிட்டனில் இருந்து வந்தது. அதனால் லிஃப்ட், பெட்ரோல், டார்ச், ஃபுட்பாத் எல்லாம் லெஸ்டரில் தானாக நாக்கில் வந்தன. அட்லாண்டாவில் அவை எலிவேட்டர், கேஸ், ஃப்ளாஷ்லைட், சைட்வாக் என்று மாறின. முதல் மாடி என்று நாம் சொல்வது அங்கே இரண்டாம் மாடி. ஒரு மாதத்தில் பழகிவிடும். டீ விஷயத்தில் பிரிட்டன்தான்: அங்கே மின்சாரம் 230 வோல்ட், கெட்டில் 3 கிலோவாட் வரை இழுக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் அது பாதிதான், தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டும். விலையும் அப்படித்தான். பிரிட்டனில் அட்டையில் இருப்பதுதான் கொடுக்கும் காசு. அமெரிக்காவில் வரி கல்லாவில் சேரும், ஓட்டலில் அதற்கு மேல் டிப்ஸும் சேரும்.

காய்கறிப் பெயர்களில் என் ஓட்டு அமெரிக்காவுக்கு. பிரிட்டனில் கொத்தமல்லித் தழையும் கோரியாண்டர், தனியாவும் கோரியாண்டர். அமெரிக்காவில் தழை சிலான்ட்ரோ, விதை மட்டும் கோரியாண்டர். நாம் வீட்டில் மல்லித்தழை, தனியா என்று பிரித்துச் சொல்வது போலவே. அந்த சிலான்ட்ரோ ஸ்பானிஷ் சொல். அங்கே பெயர்களைக் கேட்டாலே யார் யார் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துவிடும். குக்கீ டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது, சுக்கினி இத்தாலியர்கள் கொண்டுவந்தது. கம்போ என்ற தெற்கத்திக் குழம்பின் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஒரு காயையும் அதன் பெயரையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வெண்டைக்காயை அவர்களைப் போல மதிக்கிற ஊரை நம் பக்கத்துக்கு வெளியே நான் பார்த்ததில்லை.

இனிமேல்தான் விஷயமே. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போன புதிதில், அங்கேயே சவானா என்ற ஊர்ப் பக்கம் காரில் போனோம். காலை எட்டு மணிக்கு வழியில் ஒரு சின்ன டைனர். மெனுவில் "பிஸ்கட்ஸ் அண்ட் கிரேவி" என்று இருந்தது. லெஸ்டரில் பழகின காதுக்கு பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுக்கொள்வது. கிரேவி என்றால் நம் காதுக்கு வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா. அந்த ஊரில் பிஸ்கட் என்பது உப்பிய, மெத்தென்ற சின்ன ரொட்டி. கிரேவி என்பது பன்றி சாசேஜை வதக்கி, அந்தக் கொழுப்பிலேயே மாவும் பாலும் விட்டுக் கிளறிய வெள்ளைச் சாறு. இரண்டு சொல்லும் தெரிந்த சொல், இரண்டும் வேறு பண்டம்.

அன்று எங்களைக் காப்பாற்றியது பரிமாற வந்த அம்மாள். அறுபது வயது இருக்கும். மாமிசம் வேண்டாம், முட்டை வேண்டாம் என்றதும் பேனாவை மூடிவிட்டு உள்ளே போய்க் கேட்டுவந்தார். பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு. கீரையில் பன்றிக்கால் போட்டு வேகவைத்திருக்கிறது. வெண்டைக்காய் பொரித்த எண்ணெயில்தான் கோழியும் பொரிகிறது. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். பிறகு, "கவலைப்படாதே கண்ணு, நானே உனக்கு ஒரு தட்டு சேர்த்துத் தர்றேன்" என்கிற தோரணையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரில் வெந்த கிரிட்ஸ், அதாவது மக்காச்சோள ரவைக் கஞ்சி, மேலே வெண்ணெய். தக்காளி வட்டம் வட்டமாக நறுக்கியது. டோஸ்ட், பீச் பழ ஜாம். என் மகள் கிரிட்ஸில் மிளகு தூவி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

வெளியே சாப்பிடுவதில் அமெரிக்கா ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அதை எடு, இதைத் தனியாக வை, அதற்குப் பதில் இதைப் போடு என்று எத்தனை சொன்னாலும் முகம் கோணுவதில்லை. சாப்பிடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு என்பது அங்கே பேச்சிலேயே இருக்கிறது. பிரிட்டனில் சைவம் என்றால் மெனுவிலேயே பெயருக்குப் பக்கத்தில் "வி" போட்டிருப்பார்கள். அதற்கு மேல் மாற்றச் சொன்னால் "ஐயம் அஃப்ரெய்ட்" என்று பணிவாக ஆரம்பிப்பார்கள், கிடைக்காது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். பாராட்டும் அப்படித்தான். என் வத்தக்குழம்பை "குவைட் நைஸ்" என்று சொன்ன லெஸ்டர் அண்டை வீட்டு அம்மாவை நினைத்து ஒரு வருடம் சந்தோஷப்பட்டேன். பிரிட்டனில் "குவைட்" என்றால் சுமார் என்றும், அமெரிக்காவில் அதே சொல் ரொம்ப நன்றாக என்றும் பிறகுதான் தெரிந்தது.

ஆனால் ஓட்டலில் சாப்பிடுவது மாதத்துக்கு நாலு வேளை. மீதி எல்லா வேளையும் கடையில் வாங்கி வீட்டில் செய்வதுதான். குழந்தையின் டிஃபன் டப்பாவுக்கு என்ன போகிறது என்பதும் கடையில்தான் முடிவாகிறது. அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை, பொட்டலம்தான் பேச வேண்டும். அமெரிக்கப் பொட்டலம் பேச வேண்டிய இடத்தில் பேசுவதில்லை.

சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைத் திரிய வைக்க ரெனட் என்ற என்சைம் (நொதி) வேண்டும். கன்றின் வயிற்றில் இருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிர் வழியாகத் தயாரிப்பதும் உண்டு. பிரிட்டனில் சாதாரண செடார் கட்டியின் பின்பக்கத்தில்கூட "சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றது" என்று ஒரு வரி இருக்கும். அட்லாண்டாவில் நான் புரட்டிய சீஸ் பொட்டலங்களில் பெரும்பாலும் "என்சைம்ஸ்" என்று ஒரே ஒரு சொல். எந்த என்சைம், எதிலிருந்து வந்தது என்று கிடையாது. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. இதில் வருத்தம் என்னவென்றால், நுண்ணுயிர் மூலம் கிடைக்கும் ரெனட்டுக்கு அமெரிக்கா 1990-லேயே அனுமதி கொடுத்துவிட்டது, இன்று அங்கே செய்கிற சீஸில் பெரும்பகுதி அப்படித்தான். பண்டம் நமக்கு ஒத்துவரும், அதைச் சொல்லும் சொல் மட்டும் அட்டையில் இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளிர்ப்பெட்டி முன்னால் நின்று, பொட்டலத்தில் போட்டிருந்த நம்பருக்கு ஃபோன் அடித்துக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தயிரிலும் ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோல், எலும்பில் இருந்து எடுக்கும் பசை, இருக்கலாம். "நேச்சுரல் ஃப்ளேவர்ஸ்" என்ற சொல் அதைவிட மோசம். இயற்கைச் சுவை என்றால் நாம் பழத்தை நினைப்போம், அங்கே இறைச்சியில் இருந்து எடுத்ததும் அதில் அடங்கும். உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்ததை இப்படி ஒரு சொல்லுக்குள் மறைத்ததாக 2001-ல் ஒரு பெரிய சங்கிலி உணவகத்தின் மேல் சியாட்டிலில் வழக்கு வந்தது. மறு வருடம் 1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

பள்ளியில் பிறந்தநாள் வந்தால் ஸ்மோர்ஸ் கொடுப்பார்கள். கிரஹாம் கிராக்கர் என்ற பிஸ்கட் இரண்டுக்கு நடுவில் சாக்லேட்டும் வாட்டிய மார்ஷ்மெல்லோவும். மார்ஷ்மெல்லோ என்றால் ஜெலட்டின்தான். அந்த கிராக்கர் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? மாமிசமே கூடாது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த சில்வெஸ்டர் கிரஹாம். 1850-ல் நியூயார்க்கில் அமெரிக்க சைவச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். என் மகள் கையில் அந்த கிராக்கரை மட்டும் கொடுத்து மற்றக் குழந்தைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை.

அமெரிக்காவில் எனக்குக் கை கொடுத்தது ரிவர்டேல் பெருமாள் கோயிலில் பழக்கமான ஒரு மாமி சொன்ன வழி. "வட்டத்துக்குள்ள 'யு' எழுத்து போட்டிருக்கான்னு பாரும்மா. பக்கத்துல 'டி' இருந்தா பால் இருக்கு, மாமிசம் இல்லைன்னு அர்த்தம்." யூதர்களின் கோஷர் முத்திரை அது. பாலையும் மாமிசத்தையும் அவர்கள் கலப்பதில்லை என்பதால் நமக்கும் பாதி வேலை முடிகிறது. பாதிதான், ஏனென்றால் மீனும் முட்டையும் அவர்கள் கணக்கில் மாமிசம் ஆகாது. சீஸுக்கும் அது போதாது. கலிஃபோர்னியாப் பக்கம் கடைகள் வேறு மாதிரி என்று அங்கே இருக்கும் தோழிகள் சொல்கிறார்கள். நான் சமைத்தது ஜார்ஜியாவில் மட்டும்தான், அதை வைத்து முழு நாட்டுக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை.

பெயரை மட்டும் நம்பினால் பிரிட்டன்தான் படுமோசம் என்பதையும் சொல்ல வேண்டும். வெல்ஷ் ராபிட்டில் முயல் இல்லை, சீஸும் ரொட்டியும்தான். கிறிஸ்துமஸ் மின்ஸ்மீட்டில் மீட் இல்லை, உலர்ந்த பழம். ஆனால் அதில் சேரும் சூயட் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். பிளாக் புடிங் இனிப்பு அல்ல, ரத்தத்தில் செய்வது. நம் மிளகுத்தண்ணியை மல்லிகடானி என்று கொண்டுபோனார்களே, டின்னில் வருவதில் மாட்டிறைச்சி சேர்த்ததும் உண்டு. ரசம் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றிலும் டப்பாவைத் திருப்பினால் பதில் கிடைத்துவிடுகிறது. "வி" இருக்கும், அல்லது இருக்காது. வீகன், அதாவது பால், முட்டைகூட இல்லாதது, என்று போட்டிருந்தால் எங்களுக்கு இன்னும் நிம்மதி, முட்டைக் கேள்வியும் அதிலேயே தீர்ந்துவிடும்.

டின் பீன்ஸை வைத்தே இரண்டு நாட்டையும் காட்டலாம். அமெரிக்க வகையில் வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் சேர்வது பாஸ்டன் பழக்கம். பிரிட்டனில் டோஸ்ட் மேல் ஊற்றிக்கொள்ளும் ஹைன்ஸ் பீன்ஸும் பிட்ஸ்பர்க்கில் பிறந்த அமெரிக்கக் கம்பெனியுடையதுதான், அதிலும் முன்பு பன்றித் துண்டு இருந்தது. இரண்டாம் உலகப்போரின் ரேஷன் காலத்தில் அதை எடுத்தார்கள், பிறகு திரும்பப் போடவே இல்லை. இன்று அவசரத்துக்கு என் மகளுக்கு அதுதான் இரவுச் சாப்பாடு, கொஞ்சம் சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினால் போதும்.

சொல்லுக்காகக் கோர்ட் ஏறுவதில் இரண்டு நாடும் சளைத்ததில்லை. தக்காளி பழமா காயா என்று 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். காய்க்குத்தான் இறக்குமதி வரி என்பதால் வந்த வழக்கு, ஜனங்கள் பேச்சில் அது காய்தான் என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டனில் 1991-ல் ஜாஃபா கேக் பிஸ்கட்டா கேக்கா என்று வரித் தீர்ப்பாயத்தில் வழக்கு. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. பிஸ்கட் பழசானால் நமுத்துப்போகும், கேக் பழசானால் இறுகும், இது இறுகுகிறது, ஆகவே கேக் என்று முடிந்தது. இவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்கள் சைவம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கம் எழுதவில்லை. பிரிட்டனிலும் அட்டையில் "வி" போடுவது கடைக்காரர்கள் தாங்களாக வளர்த்த வழக்கம்தான். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி போல் கட்டாயம் இல்லை.

அந்த வழக்கத்துக்கு வயது இருக்கிறது. 1847-ல் ராம்ஸ்கேட்டில் சைவச் சங்கம் தொடங்கினார்கள். 1888-ல் லண்டனுக்குப் படிக்க வந்த காந்தி, பசியோடு தெருத் தெருவாக நடந்து ஃபாரிங்டன் தெருவில் சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். வீகன் என்ற சொல்லை 1944-ல் அறிவித்த டொனால்ட் வாட்சன் அப்போது வசித்தது எங்கள் லெஸ்டரில்தான். பிறகு குஜராத்தி குடும்பங்கள் வந்து பெல்கிரேவ் ரோடு முழுக்கக் கடை போட்டார்கள். இவ்வளவு பேர் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஒரு வரி அட்டைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் அதிகம் வெளியேதான் சாப்பிடுவீர்கள், அல்லது மாமிசம் உண்டு என்றால் யோசிக்காமல் அமெரிக்கா போகலாம். கையில் சின்னக் குழந்தை, தினம் டிஃபன் டப்பா கட்ட வேண்டும், சைவம் என்றால் பிரிட்டன். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. கடையில் அவளே டப்பாவைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போடுகிறாள், நான் ஃபோனை எடுப்பதே இல்லை.

கிரிட்ஸ் ஒன்றுதான் இங்கே சரியாக அமையவில்லை. அட்லாண்டாவில் அதில் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து உப்புமா கிண்டுவேன், ரவை உப்புமாவைவிட உதிரியாக வரும். லெஸ்டரில் பொலெண்டா வாங்கிச் செய்து பார்த்தேன், களி மாதிரி ஒட்டிக்கொண்டது. மார்கழியில் அங்கிருந்து வரும் தோழியிடம் இரண்டு பை சொல்லி வைத்திருக்கிறேன்.