துருப்பிடித்த யெஸ்டி டேங்க்கும் ‘டபுள் ஃபில்டர்’ வேலையும்: ஓர் எச்சரிக்கை

பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் திருநெல்வேலிப் பட்டறை ஒன்றில் என் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளைக் கொடுத்து ஏமாந்த விவரத்தை, அதே வேலைக்கு வண்டியைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். டேங்க்கின் உட்புறத் துருவை நீக்குவது, அதன்மேல் பூச்சு கொடுப்பது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் துரு இறங்காதபடி ‘டபுள் ஃபில்டர்’, அதாவது இரண்டு ஃபில்டர், போடுவது ஆகியவற்றுக்கென்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, பிறகு தருவதாகச் சொன்னார்கள்; இன்றுவரை தரவில்லை.

அம்பாசமுத்திரம் செல்லும் வழியில், பத்தமடையைத் தாண்டி வேகம் எடுத்தபோது எஞ்சின் இழுவை குறைந்து நின்றது. சற்று நேரம் கழித்து உதைத்ததும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடியது. வீரவநல்லூரில் ஒரு வயதான மெக்கானிக் ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பம்ப் வச்ச காருக்குப் போடுற ஃபில்டர்லா, இதுல பெட்ரோல் எப்படி இறங்கும்?” என்று கேட்டார். பழைய யெஸ்டியில் பம்ப் கிடையாது. டேங்க் உயரத்தில் இருப்பதால் மட்டுமே பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறது. அந்தச் சிறு அழுத்தத்தைக் கொண்டு, நெருக்கமான காகித ஃபில்டர்கள் இரண்டை, அதுவும் துருத்தூளும் ஈரமும் படிந்தவற்றை, பெட்ரோல் கடந்து வருவது கடினம். யெஸ்டியில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது வெறும் இழுவைக் குறைவோடு நிற்பதில்லை: ஆயில் பெட்ரோலில் கலந்தே போவதால், பெட்ரோல் குறையும்போது பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயிலும் குறைந்து, சூடு மிகுந்து, பிஸ்டன் ஜாம் ஆகிவிடக்கூடும்.

டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றியபோது பூச்சு அப்பளம்போல் உடைந்து துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டின் பின்புறமும் துரு ஒட்டியிருந்தது. துருவை எடுக்காமலே அதன்மேல் பூசியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பட்டறைக்காரரோ, “இப்போ வர்ற பெட்ரோல் அப்படி, அண்ணாச்சி” என்று கையை விரித்தார். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதும், அது ஈரத்தை இழுப்பதும், நீர் டேங்க்கின் அடியில் தங்கித் துருவை வளர்ப்பதும் உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் பூச்சைத் தேர்ந்தெடுப்பதற்கும், பூசுவதற்கு முன் துருவை முழுவதும் எடுத்துவிட்டு டேங்க்கை உலர்த்துவதற்கும்தானே பணம் வாங்கினார்? இந்த வண்டியைத் தயாரித்த மைசூர்த் தொழிற்சாலை 1996 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டதால், அசல் டேங்க்கைக் கெடுத்துவிட்டு இன்னொன்று தேடுவது எளிதான காரியமும் அன்று.

ஆகவே பூச்சு அடிக்கும் முன் டார்ச் அடித்து உள்ளே வெறும் உலோகம் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். சிட்ரிக் ஆசிட் போன்றவற்றால் துருவை எடுத்தபின் சோடா உப்புக் கரைசலால் அலசவில்லையென்றால் புதுத் துரு உடனே படரும். ஃபில்டர் ஒன்று போதும். அது பம்ப் இல்லாத வண்டிக்கு உரியதாக, நைலான் வலையுடன், உள்ளே அழுக்குத் தெரியும்படி இருக்கட்டும். பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப வாங்கும் முன் கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைப் போட்டபடியே டேப்பைத் திறந்து ஒரு பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துப் பாருங்கள். ஒழுக்கு போகப்போக மெலிந்து, மூடியைத் திறந்ததும் வேகம் கூடினால் மூடியின் காற்றுத்துளையில் பூச்சு அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போதும் மெலிந்தே வந்தால் டேப்பின் சல்லடையையும் ஃபில்டரையும் உங்கள் கண்முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.