ஒற்றை ஸ்கின்னா, இரட்டை ஸ்கின்னா?

டிரம்ஸின் பழைய ஸ்கின்னில், அதாவது ஷெல்லின் வாயில் இழுத்துக் கட்டிய படலத்தில், பள்ளம் விழுந்து, சத்தத்தில் உயிரே இல்லாமல் போன பிறகுதான் நம்மில் பலர் புது ஸ்கின் பற்றி யோசிக்கிறோம். அதுவரை பேச்செல்லாம் ஷெல் என்கிற மர உடலைப் பற்றித்தான்: மேப்பிள் மரமா, பிர்ச்சா, பாப்ளரா? ஆனால் ஸ்டிக் படுவது ஸ்கின்னில். சாதாரண பாப்ளர் செட்டுக்கு நல்ல ஸ்கின் மாட்டிச் சரியாக ட்யூன் செய்தால், தேய்ந்த ஸ்கின்னோடு நிற்கும் விலை கூடிய செட்டைவிட நன்றாகவே பேசும்.

செட்டில் உள்ள டாம் டிரம்களுக்கு ஸ்கின் வாங்கப் போனால் இரண்டு வகை: ஒற்றை, இரட்டை. ரெமோ அம்பாசடர், எவான்ஸ் ஜி1 போன்றவை 10 மில் (மில் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள ஒரே படலம், அதாவது கால் மில்லிமீட்டர். அதே கம்பெனிகளின் எம்பரர், ஜி2 ஆகியவற்றில் 7 மில் படலங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒற்றை பளிச்சென்று ஒலிக்கும், நாதம் நீளும், மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லும். இரட்டையில் அடி திண்ணென்று விழும், ரீங்காரம் சீக்கிரம் அடங்கும், ஆயுளும் அதிகம்.

“ஹாலில் எதிரொலி அதிகம், அதனால் இரட்டை போடு” என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை. பாதிதான் சரி. உயரக் கூரையும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் சர்ச்சில் டிரம்மர் எப்படி வாசிக்கிறார்? பாடுபவர்களை மூடிவிடக்கூடாதென்று அடக்கித்தான். இரட்டைக்கோ அடி கொஞ்சம் பலமாக விழவேண்டும். மெல்ல அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். ரீங்காரத்தை அடக்க அதன்மேல் டேப்பும் ஒட்டினால் டாம் இருப்பதே கேட்காது. அங்கே மேலே சொரசொரப்பான பூச்சு, அதாவது கோட்டிங், உள்ள ஒற்றையைப் போட்டு, ஓரத்தில் ரீங்காரத்தை அடக்கும் சின்ன ஜெல் துண்டு ஒட்டினால் போதும். எந்த இடம் என்பதற்கு முன்னால், அங்கே நம் கை எவ்வளவு பலமாக விழும் என்று பார்க்கவேண்டும் என்பதே என் கட்சி.

திறந்தவெளி மேடை வேறு கதை. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கச்சேரி, ஒவ்வொரு டாமுக்கும் மைக், பக்கத்தில் கீபோர்டும் தவிலும் முழங்குகின்றன என்றால் இரட்டைதான். கை தானாகவே பலமாக விழும். ரீங்காரம் குறைவதால் மிக்ஸரில் இருப்பவருக்கும் வேலை சுலபம். ஜூன் 21 இசைத் திருநாளில் புதுச்சேரித் தெருவோரம் மைக் இல்லாமல் வாசிக்கிறவர்களுக்கு ஒற்றை நல்லது. அதன் பளிச்சென்ற சத்தம் கூட்டத்தைத் தாண்டிப் போகும்.

ட்யூனிங்கில் ஒற்றை நம்மைச் சும்மா விடாது. ஸ்கின்னை இழுத்துப் பிடிக்கும் திருகாணிகளான எல்லா ராடையும் விரலால் முடிந்தமட்டும் இறுக்கிவிட்டு, எதிரெதிராகக் கால் திருப்பு, கால் திருப்பாக ஏற்றவேண்டும். பிறகு நடுவில் ஒரு விரலை லேசாக வைத்து, ஒவ்வொரு லக்கிலிருந்தும் (ராட் திருகி இறங்கும், ஷெல்லில் உள்ள பிடி) ஓர் இஞ்ச் உள்ளே தட்டிக் கேளுங்கள். ஒரு லக் மட்டும் தாழ்ந்திருந்தால் ஒற்றையில் அலையலையாக ஊளையிடும். இரட்டை அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். புதிதாக ட்யூனிங் கற்கிறவர்கள் ஒற்றையில் பழகச் சொல்வேன், காது சீக்கிரம் தேறும். கீழிருந்து மேல்வரை எந்தச் சுருதிக்கும் ஒற்றை வளைந்து கொடுக்கும். இரட்டையை அதிகம் ஏற்றினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். மிருதங்கத் தோல்போல ஈரத்தில் இறங்க இது தோலல்ல, பாலியஸ்டர் படலம். 1950-களில் அது வந்த பிறகுதான் கன்றுத்தோல் டிரம்ஸை விட்டுப் போனது. கடலோரத்தில் இருக்கும் நமக்குத் தொல்லை உப்புக்காற்று. ஒற்றை சீக்கிரம் தேய்வதால் அடிக்கடி கழற்றுவோம், ராடும் துடைபடும். இரட்டையை மாட்டியவர் வருடக்கணக்காகத் தொடுவதே இல்லை. ராட் லக்குக்குள்ளேயே துருப்பிடித்து இறுகி, ட்யூனிங் கீ போட்டுத் திருகும்போது ராடின் தலை மழுங்கிவிடும். எந்த ஸ்கின் போட்டாலும் அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை எல்லா ராடையும் கழற்றித் துடைத்து, மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள்.

அடியில் கம்பிகள் உள்ள ஸ்நேர் டிரம்முக்கு விவாதமே வேண்டாம்: மேலே கோட்டிங் உள்ள ஒற்றை, கீழே கம்பிகள் படும் பக்கத்துக்கென்றே உள்ள 3 மில் ஸ்நேர் சைட் ஸ்கின். டாமின் அடிப்பக்கத்துக்கும் ஒற்றையே போதும், மேல் ஸ்கின்னைவிடச் சற்று ஏற்றி வையுங்கள்.

சர்ச், கச்சேரி இரண்டுக்கும் ஒரே செட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மேலே மாட்டியிருக்கும் சின்ன ரேக் டாம்களில் ஒற்றையும் தரையில் நிற்கும் பெரிய ஃபுளோர் டாமில் இரட்டையும் வைக்கலாம். இன்னும் சந்தேகமாக இருந்தால் முழு செட்டுக்கும் ஒரேயடியாக வாங்கவேண்டாம். 12 இஞ்ச் டாமுக்கு மட்டும் ஒன்று வாங்கி மாட்டி, வழக்கமாக வாசிக்கும் இடத்தில், வழக்கமான பலத்தில் வாசித்துப் பாருங்கள். அந்த நேரம் நண்பர் ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். மற்ற டாம்களுக்கு அப்புறம் வாங்கலாம்.